ஒரு பிடி மைதா

எண்ணிக்கைக்கு ஒரு ஆள் குறைகிறது, அவ்வளவுதான், வந்து நின்றால் போதும், வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லித்தான் கோமதி கூட்டி வந்தாள். அதனால் சுடலைவடிவு மட்டாஞ்சேரி மணிக்கூண்டுக்குக் கீழே, வெளியூர்க்காரர்களுக்கு நடுவே வெளியூர்க்காரி மாதிரி, கல்யாணத்துக்குக் கட்டுகிற மாம்பழ நிறச் சேலையில் நின்றாள். முப்பத்திரண்டு வருஷமாக இங்கிருந்து அரை மணி நடையில், ஃபோர்ட் கொச்சி டோபிகானாவில் துணி அடித்துத் துவைக்கிறவள் இப்போது அண்ணாந்து மணிக்கூண்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது, முதல்முறை பார்க்கிற மாதிரி. ஒவ்வொரு முகத்திலும் வேறு வேறு எழுத்தில் எண் இருக்கிறது, வந்த ஊர்க்காரன் எல்லாம் அவனவன் மொழியில் மணி பார்க்கட்டும் என்று வைத்தது, என்று கோமதி சொல்கிறாள். குரல் கொஞ்சம் நடுங்குகிறது, போகப் போகச் சரியாகிவிடும், சின்னதில் பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லும்போதும் முதல் இரண்டு வரி இப்படித்தான். திண்டுக்கல்லிலிருந்து வந்த மின்வாரியத்து ரிட்டையர்டு சார் கைக்கடிகாரத்தையும் கூண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "ஓடலையேம்மா" என்கிறார். அவர் சம்சாரம், "நீங்க சர்வீஸ்ல இருந்தப்ப கரண்டு ஓடுச்சாக்கும்" என்கிறாள். கோவைப் பையன்கள் இருவர் சிரிக்கிறார்கள். தொப்பி போட்ட ஒரு அம்மாள் தனியாக நிற்கிறாள், ஊரைச் சுற்றிக் காட்டுகிற நடையில் காலையில் போன மலையாள நடையைத் தவறவிட்டதால் இதில் சேர்ந்தவளாம். அவளோடு ஐந்து, வடிவோடு ஆறு. ஆறு பேர் இருந்தால்தான் நடை உண்டு என்பது சுற்றுலாக் கம்பெனிச் சட்டம். கம்பெனியின் ஜோபி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். இன்றைக்குச் சரியாகப் போனால் வாராவாரம் தமிழ் நடை கோமதிக்கு, போகாவிட்டால் பழையபடி ஓட்டல் வரவேற்பு மேசை. வீட்டாளுங்களை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது, எங்கம்மான்னு காட்டிக்காதே, என்று பஸ்ஸில் மூன்று தடவை சொல்லிவிட்டாள். காட்டிக்க மாட்டேன் ஏட்டி. காட்டிக்கொள்ளாமல் இருப்பதில் என்னை விடப் பழகினவள் யார். வந்திருக்கவே கூடாது. ஆனால் ஒரு வாரமாக அடுப்படியில் நின்று கோமதி ஒப்பித்ததைக் கேட்டுக் கேட்டு, உப்பு எடுக்கப் போன கை மிளகாய்த்தூளை எடுத்தது. தெருக்கோடியில் ஒரு வீடு, இப்போது மியூசியம். அதில் சிப்போரா என்கிற அம்மாவுடைய பெசஹா பண்டிகை மேசை விரிப்பு. மூலையில் யாருக்கும் பொருள் தெரியாத ஒரு குறி. கண்ணாடிக்குள்ளே. கண்ணாடிக்குள்ளே வைக்கிற அளவுக்கு அது இன்னும் இருக்கிறதா என்றுதான் வந்தாள். அதுவாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டும் வந்தாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு யூதப் பள்ளிக்குள், அவர்கள் சாமி கும்பிடுகிற இடத்தை இந்த ஊரில் பள்ளி என்றுதான் சொல்வார்கள், உள்ளே போனால் கால் குளிர்ந்தது. நீலமும் வெள்ளையுமாகத் தரை. சீனாவிலிருந்து வந்த கல், கையால் வரைந்தது, ஒன்று மாதிரி ஒன்று இல்லை என்கிறாள் கோமதி. பையன்கள் குனிந்து ஒரே மாதிரி இரண்டைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள். ஒன்று மாதிரி ஒன்று இருக்காது தம்பி, கையால் செய்தால் இருக்காது, நான் போட்ட குறியில்கூட, வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே. மேலே தொங்குகிற விளக்குகளைப் பார். எத்தனை கண்ணாடி. இதையெல்லாம் யார் துடைப்பார்கள், எதை வைத்து. அவளுக்கு அழுக்கு எங்கே தங்கும் என்றுதான் முதலில் தோன்றும், பிறகுதான் அழகு. கோமதி பெசஹாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அந்த எட்டு நாளும் கோதுமை, பார்லி, புளித்த மாவு எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது, அவசரமாக எகிப்தைவிட்டுப் புறப்பட்ட நாளை நினைத்துப் புளிக்காத அப்பம் மட்டும். ஒரு மாதத்துக்கு முன்பே வீட்டைக் கழுவி, சட்டைப் பையைப் புரட்டி. ஆமாம், புரட்டித்தான் அனுப்புவார்கள். பங்குனி பிறந்தால் டோபிகானாவுக்கு அந்தத் தெருக்கோடி வீட்டு மூட்டை இரண்டு மடங்காக வரும், எல்லாப் பையும் வெளியே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு. மேசை விரிப்பு மட்டும் தனியாக, கூடவே ஒரு புதுச் சட்டியும், கல் பொறுக்கின அரிசியும். இந்த அரிசியை இந்தச் சட்டியில் காய்ச்சி இதற்கு மட்டும் கஞ்சி போடு, வேறு எதுவும் கலக்காதே. அவள் வீட்டுக்காரர் அதைச் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனார், சொன்னதை அவள் கேட்கவும் செய்தாள். இருபது வயசு, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஏழு மாசம். வயிற்றில் கோமதி. மசக்கையில் சோறு என்றால் குமட்டும், கஞ்சி என்றால் நாக்கில் நீர் ஊறும், அந்த நாளின் வாசனை இந்தக் குளிர்ந்த பள்ளிக்குள்ளும் வருகிறது, புதுச் சட்டியின் மண்ணும் வெந்த அரிசியும். ஒரு தம்ளர், உப்புப் போட்டு. பிறகு இன்னொன்று. மிச்சம் பார்த்தால் அடியில் தண்ணியாக இருந்தது, அரிசி ஒரு மணிகூட மீதியில்லை. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது, பங்குனியில் மழை, யார் கண்டார்கள். பக்கத்துத் துவைகல்காரி ஓட்டல் துணிக்குக் கரைக்க வைத்திருந்த மைதா டப்பா கை எட்டும் தூரத்தில். ஒரு பிடி. ஒன்றா, ஒன்றரையா. முப்பத்திரண்டு வருஷமாக அந்தக் கையைத் திறந்து பார்க்கிறாள், ஒரு தடவை ஒன்று, ஒரு தடவை ஒன்றரை. ஊரில் இப்படித்தானே எல்லாத் துணிக்கும் போடுவோம், விறைப்பு என்ன விறைப்பு, தேய்த்து மடித்தால் அட்டை மாதிரி நின்றது. வீட்டுக்காரர்கூட, பரவாயில்லையே, என்றார். பண்டிகைக்கு முதல் நாள் மத்தியானம் கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று. அதே வருஷம் மழைக்காலம் முடிவதற்குள் அந்த வீட்டைப் பூட்டிவிட்டார்கள்.

தெருவுக்குள் நடந்தார்கள். இரண்டு பக்கமும் கடை, மிளகு, ஏலக்காய், பழைய பூட்டு, புதிதாகச் செய்து பழையதாக்கின பூட்டு. ஒரு வாசல் நிலையில் கை உயரத்துக்குச் சாய்வாக ஒரு குழி இருந்தது, ஏதோ பதித்து வைத்திருந்து பெயர்த்து எடுத்த மாதிரி. கோமதி அதைக் காட்டி, வேத வசனம் எழுதின தோலைச் சுருட்டி ஒரு குழலில் வைத்து இங்கே பதித்திருப்பார்கள், வீட்டாட்கள் உள்ளே போகும்போதும் வரும்போதும் தொட்டு முத்தமிடுவார்கள் என்று சொல்லி முடிப்பதற்குள், தொப்பி போட்ட அம்மாளின் விரல் தானாகப் போய் அந்தக் குழியைத் தொட்டுவிட்டு உதட்டுக்கு வந்தது. மின்வாரியத்து சார் பார்த்துவிட்டார். "அம்மாவுக்கு எந்த ஊருங்க?" "இந்தத் தெருதான். கோடி வீடு. பதினஞ்சு வயசில் போனது, இப்போ இஸ்ரேல்." பாதி மலையாளம், பாதி தமிழ். "ரஹேல்னு பேர். பேசுங்கோ மோளே, எனக்கு நல்லா மனசிலாகும்." கோடி வீடு. வடிவுக்குக் காது அடைத்தது, தண்ணீருக்குள் தலை போனால் அடைக்கிற மாதிரி. கோடி வீட்டுப் பெண். முகம் ஞாபகமில்லை, முகத்தை எங்கே பார்த்தாள், பின்வாசலில் மூட்டையை வைத்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டாட்கள் எல்லாம் துணிதான். ஆனால் ஒரு பள்ளிக்கூடப் பினோபார்ம் ஞாபகமிருக்கிறது, நீலம், இடது பக்கப் பையில் வாரம் தவறாமல் மசிக்கறை, எலுமிச்சையும் உப்பும் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கட்டைவிரல் தோல் உரிந்தது. பேனாவை மூடாமல் வைக்கிற பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு நரைத்துவிட்டது. பக்கத்தில் நடக்கிறாள், செருப்பு ஓசை கேட்கிறது, பையில் இப்போதும் ஒரு பேனா, மூடியிருக்கிறது. சொல்லிவிடு. என்ன சொல்ல. உங்கள் வீட்டுக் கடைசிப் பண்டிகையில் உங்கள் சாமிக்கு ஆகாத மாவை நான்தான் மேசையில் விரித்தேன், அதற்குப் பிறகுதான் உங்கள் வீடு பூட்டினது. இதையா. இவள் அம்மா உயிரோடு இருக்கிறாளோ என்னவோ. இவள் அத்தனை தூரத்திலிருந்து நல்ல ஞாபகங்களைத் தேடி வந்திருக்கிறாள், அதில் போய் மைதாவைக் கரைப்பதா. ஜோபி பின்னால் வருகிறான். கோமதி முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே பேசுகிறாள், கல் தடுக்கிவிடாமல் பார்த்து நட ஏட்டி என்று சொல்ல வாய் வருகிறது, வெளியூர்க்காரி அப்படிச் சொல்லக் கூடாது. எது நல்லது என்று தெரியாதபோது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே நல்லது. ஆனால் மூடின பானைக்குள்தானே கஞ்சி புளிக்கும்.

கோடி வீட்டை முன்வாசல் வழியாகப் பார்ப்பது இதுதான் முதல். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பின்சந்து, அடுக்களைப் படி, படியில் வைத்த மூட்டை, கம்பிக்கு உள்ளே நின்று சிப்போரா அம்மா, "வடிவே, வெயிலில் வந்தாயோ, மோர் குடி" என்று நீட்டின கிண்ணம். முன்னால் இவ்வளவு பெரிய கதவு இருக்கிறதா. கூடத்தில் இவ்வளவு வெளிச்சமா. இந்த மேசையில்தான் அது விரிந்ததா, எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள், எட்டு முழ விரிப்பு, பன்னிரண்டு பேர் உட்காரலாம். ரஹேல் சுவரைத் தொடாமல் சுவரை ஒட்டி நடந்தாள். பின்கட்டு அறையில் கண்ணாடிப் பெட்டி. வடிவு மற்றவர்களின் தோள்களுக்குப் பின்னால் நின்று, தலையைச் சாய்த்து, சாய்த்த இடைவெளியில் பார்த்தாள். அதுதான். அந்த வெள்ளை, ஓரத்தில் நீல நூலில் மாதுளை, மடிப்பு இன்னும் மடிப்பாக. அட்டை மாதிரி. அங்கங்கே பூச்சி அரித்த சின்ன ஓட்டைகள். கஞ்சிக்குத்தான் பூச்சி வரும். மூலையில், எத்தனை துவைத்தாலும் போகாத சேராங்கொட்டைப் பாலை ஊசியில் தொட்டுப் போட்ட குறி, மேலே இரண்டு புள்ளி, நடுவில் கோடு, கீழே ஒரு புள்ளி. கோடு இடப்பக்கம் சாய்ந்து. "இந்தக் குறிக்கு என்ன அர்த்தம்னு இதுவரைக்கும் யாருக்கும் தெரியலை," என்கிறாள் கோமதி, ஒப்பித்த அதே ராகத்தில். "நெய்தவங்களோட முத்திரையா இருக்கலாம், இல்ல ஏதாவது வேண்டுதல் அடையாளமா இருக்கலாம்." சார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "எபிரேய எழுத்துதாம்மா, சந்தேகமே இல்ல" என்றார். "சார் எபிரேயம் எப்ப சார் படிச்சீங்க?" என்றான் ஒரு பையன். "புதையலுக்கு வழி போட்டிருப்பாங்க, ரெண்டு மரம், ஒரு கிணறு" என்றான் இன்னொருவன். ரஹேல் மட்டும் கண்ணாடியில் மூச்சு படிகிற அளவுக்குக் குனிந்து அந்த மூலையையே பார்த்தாள், பிறகு மெல்லச் சொன்னாள், "அம்மைக்கும் தெரியாது. அம்மை உயிரோட இருந்தப்போ நான் கேட்டிருக்கேன்." அவள் அம்மைக்கும் தெரியாது. செத்துப் போனவர்களுக்குத் தெரியாமல் போனதை இருக்கிறவர்களாவது, வாயைத் திறக்காதே, எண்ணிக்கைக்கு வந்தவள், சேலையை இழுத்துச் சொருகு, வெளியே பார், தென்னை, தென்னையில் காக்கை, ஒரு பிடியா ஒன்றரையா, கோமதி வேண்டுதல் அடையாளம் என்கிறாளே, நான் பெற்ற பிள்ளை என் கைக்கோட்டைப் பார்த்து வேண்டுதல் என்கிறாளே. "அது வண்ணான் குறிம்மா" என்றது ஒரு குரல். அவளுடைய குரல்தான். "எழுத்துமில்ல, புதையலுமில்ல. ரெண்டு புள்ளி இந்தத் தெரு. கோடு கோடி வீடு. கீழ ஒரு புள்ளி எங்க கல்லு, நாங்க வெளுக்கற துணின்னு. ஊர்த் துணியெல்லாம் ஒண்ணாக் கிடந்தாலும் மாறிப் போகாம இருக்கத்தான்." "கோடு ஏன் சாஞ்சிருக்கு?" என்றான் பையன். "எனக்கு இடது கை."

எல்லாரும் திரும்பினார்கள். கோமதியின் முகத்தைப் பார்க்கவே இல்லை, பார்த்தால் நின்றுவிடும், இப்போது நிற்கக் கூடாது, மலையிலிருந்து உருளுகிற கல் மாதிரி மிச்சமும் உருண்டுவிட வேண்டும். ரஹேலை மட்டும் பார்த்தாள். "நான் வடிவு. பின்வாசல்ல மூட்டை கொண்டு வருவேன். உங்க நீல பினோபார்ம்ல மசிக்கறை எடுத்தவ." ரஹேலின் வாய் திறந்தது, கை தன்னையறியாமல் பையில் இருந்த பேனாவைத் தொட்டது. "அது இல்ல நான் சொல்ல வந்தது. இந்த விரிப்புக்கு, கடைசி வருஷம், உங்கம்மா தந்த அரிசிக் கஞ்சியை நான் குடிச்சிட்டேன். மசக்கை. மிச்சம் தண்ணியா இருந்துச்சு. மைதா போட்டுட்டேன். ஒரு பிடி. ஒண்ணரையாக்கூட இருக்கும். உங்களுக்கு அது ஆகாதுன்னு தெரிஞ்சேதான் போட்டேன், இவ்வளவு ஆகாதுன்னு தெரியாது. அதே வருஷம் நீங்க வீட்டைப் பூட்டிட்டுப் போயிட்டீங்க. யாருகிட்டயும் சொல்லல. வீட்டுக்காரர்கிட்டகூட." சொல்லி முடித்ததும் கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையைப் பிழிந்தன, இல்லாத தண்ணீரைப் பிழிந்தன. சார் தொண்டையைச் செருமினார், அவர் சம்சாரம் அவர் முழங்கையை அழுத்தினாள். ரஹேல் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள், வடிவைப் பார்த்தாள், மறுபடியும் பெட்டியை. "மைதாவா," என்றாள். பிறகு அவள் தோள் குலுங்கியது, அழுகிறாள் என்று வடிவு பயந்தாள், சிரிப்பு. "அப்போ அதுதானா. சேச்சி, அம்மைக்குத் தெரியும். மைதான்னு தெரியாது, ஏதோ கலந்திருக்குன்னு தெரியும். அன்னிக்குச் சாயங்காலம் இதை விரிச்சாங்க, கையால தடவினாங்க, மூக்குக்கிட்ட கொண்டு போனாங்க. மடிச்சு மாடிப் பெட்டியில வச்சுட்டுப் பழசை எடுத்துட்டு வந்து விரிச்சாங்க. திங்கற பொருள் இல்லையே, அதனால கோதுமைக் கஞ்சி போட்ட துணி வீட்டில் இருக்கலாம், மேசையில்தான் ஆகாது. அப்பா, யாரு இது பண்ணினதுன்னு சத்தம் போட்டார். அம்மை சொன்னாங்க, புதுப் பெண்ணு, வயிறு தள்ளிட்டு வெயில்ல நடந்து வருது, பண்டிகை கழியட்டும், நானே சொல்லிக் கொடுக்கிறேன்." "சொல்லலையே" என்றாள் வடிவு. குழந்தை மாதிரி இருந்தது அவளுக்கே. "மறந்திருப்பாங்க. டிக்கெட் ஜனவரியிலேயே எடுத்தாச்சு, சேச்சி. பண்டிகைக்கு முந்தியே. அந்த வருஷம் வீடெல்லாம் பெட்டிதான்."

ஜனவரி. தை. பங்குனிக்கு முன்னால் தை. இதற்கா, இந்த இரண்டு மாதத்துக் கணக்குத் தெரியாமலா, ஒவ்வொரு பங்குனியிலும் மைதா டப்பாவைப் பரண் மேல் ஏற்றி வைத்தாள், அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு மீன் சந்தைக்குப் போனாள், கோமதிக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் வயிற்றிலேயே குடித்த கஞ்சி கணக்குக் கேட்கிறது என்று நினைத்தாள். காலுக்குக் கீழே தரை இருந்தது, சிவப்புத் தரை, நன்றாகத் துடைத்த தரை. ரஹேல் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். "கொண்டுபோன மத்த விரிப்பெல்லாம் அங்கே மிஷின்ல போட்டுப் போட்டுக் கிழிஞ்சது. அம்மை ஒண்ணை வெட்டித் தரை துடைச்சாங்க, எனக்கு நல்ல ஓர்மை, இப்பவும் கண்ணுல நிக்குது. இது ஒண்ணுதான் ஒரு தடவைகூடத் துவைக்காம பெட்டியில கிடந்தது. மியூசியத்துக்குக் கேட்டாங்க, இதுதான் முழுசா இருந்தது. நீங்க மைதா போடலைன்னா இங்க இந்தப் பெட்டி காலி." மின்வாரியத்து சார், "நல்லவேளை, வயித்துல புள்ள இருந்துச்சு" என்றார். "எந்தப் புள்ளைம்மா அது, இப்ப எங்க இருக்கு?" சொல்லாதே என்று பஸ்ஸில் மூன்று தடவை. கதவோரம் ஜோபி கையை அவிழ்த்திருந்தான். அப்போது கோமதி சொன்னாள், அந்த ஒப்பிக்கிற ராகம் போய், வீட்டில் அடுப்படியில் பேசுகிற குரலில், "நான்தான் சார். கஞ்சியைக் குடிச்சது." கோவைப் பையன்கள் கையைத் தட்டினார்கள். ரஹேல் அவள் கன்னத்தைத் தொட்டு, "நல்லா இருந்ததா மோளே, எங்க அரிசி?" என்றாள். ஜோபி மெல்ல முன்னால் வந்தான். "கோமதி, அப்போ ஆறு பேரில்ல, அஞ்சு பேர்." "ஆமா சார்." குரல் நடுங்கவில்லை. மின்வாரியத்து சார் குறுக்கே புகுந்தார், "தம்பி, அஞ்சு பேரு கேட்டோம், ஒருத்தர் சொன்னாங்க. எங்களுக்கு எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு." ஜோபி கண்ணாடிப் பெட்டிமேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தான், பொருள் அறியப்படவில்லை என்ற வரியில் விரல் நின்றது. "இதை மாத்த மியூசியத்துல நான் பேசறேன். அடுத்த ஞாயிறு நடையில என்ன சொல்லணும்னு அம்மாகிட்டக் கேட்டு எழுதி வை," என்றான் கோமதியிடம், அடுத்த ஞாயிறு என்பதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டான்.

மற்றவர்கள் நகர்ந்தார்கள். வடிவு ஒரு நிமிஷம் நின்றாள். கண்ணாடியில் அவள் முகமும் மாதுளையும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தன, அவள் கன்னத்தில் ஒரு பூச்சி ஓட்டை, கழுத்தில் ஒரு குறி. கோடு நன்றாகச் சாய்ந்திருக்கிறது, இப்போது போட்டாலும் இப்படித்தான் சாயும். ஒரு பிடிதான். அவள் கையைத் திறந்து பார்த்தாள், இந்தக் கைக்கு ஒன்றரை கொள்ளாது, அன்றைக்கு இதைவிடச் சின்னக் கை. எடுத்து ஒரு தடவை அலசிவிட்டால் பூச்சி வராது, ஆனால் அலசக் கூடாது, இதை மட்டும் அலசவே கூடாது, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு துணியைப் பார்த்து அப்படி நினைத்தாள், சிரிப்பு வந்தது. சிப்போரா அம்மா இங்கேதான் எங்கோ நின்று மூக்குக்கிட்டக் கொண்டு போயிருப்பாள். தெரிந்தும் அடுத்த மூட்டைக்கு மோர் தந்தாளே. அந்த மோரில் உப்பு சரியாக இருந்ததே, எதுவும் கூடவில்லையே, குறையவில்லையே. வெளியே பேச்சுக் குரல்கள் தெருவுக்கு இறங்கின. வடிவு திரும்பினாள், அறையைத் தாண்டினாள், கால் தானாக, முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பழகின கால், அடுக்களை வழியாகப் பின்சந்துக் கதவுக்கு நடந்தது. தாழ்ப்பாள் அதேதான், மேலே தூக்கி இடப்பக்கம் இழுக்க வேண்டும், கை வைத்துவிட்டாள். அப்போது கூடத்துக்கு அந்தப் பக்கமிருந்து, பெரிய வாசலிலிருந்து, தெருவில் நிற்கிற அத்தனை பேரும் கேட்க, அவளுடைய பிள்ளை கூப்பிட்டாள்.

"அம்மா, இந்தப் பக்கம்."